கரண்ட் இல்லாத நாட்களுக்குக் கொறிக்க, இனிக்க: எதை வாங்கி வைப்பது, எப்படிச் செய்வது?

நிழல்மரம்:
அவசரத்துக்கான சாப்பாட்டுச் சாமான் எல்லாம் இருக்கு. பிள்ளைகளுக்கு இனிப்பு, நொறுக்குக்குத்தான் ஒன்றும் எடுத்து வைக்கலை. 4 பேர், 3 நாள் கணக்கு. சின்ன கேஸ் அடுப்பு ஒன்று உண்டு. ஃபிரிட்ஜ், மிக்ஸி, அவன் எதுவும் ஓடாது. தண்ணீரும் கொஞ்சம்தான். எதெல்லாம் கெடாமல் நிற்கும்? பிரிக்காத பால் பவுடர்கூட காறிப்போறது ஏன்?

தகரடப்பா:
இந்தச் சாமான்களில் முதலில் கெடுவது கொழுப்பு. சர்க்கரைக்கு ஒன்றும் ஆகாது. சாதாரண பால் பவுடரில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. சூடும் காற்றும் பட்டால் ஆக்சிஜனேற்றம் ஆகிக் காறும். கொழுப்பு நீக்கியதா, சின்ன பாக்கெட்டா வாங்குங்க. கொட்டை வகைகளுக்கும் இதே கதி: உடைத்ததைவிட முழுசா இருப்பது அதிக நாள் தாங்கும்.

சாக்லேட் 34 டிகிரி பக்கத்தில் உருகும். மறுபடி இறுகும்போது மேலே வெள்ளையாப் படிந்தால் பூஞ்சணம்னு தூக்கி எறியாதீங்க. அது கோகோ கொழுப்பு, தாராளமா சாப்பிடலாம். வெயில் ஊர்னா கோகோ பவுடரோட நிறுத்திக்கிறது நல்லது.

கண்டென்ஸ்டு மில்க் சின்ன டின்னாவே வாங்குங்க, திறந்ததை அன்றைக்கே தீர்க்கணும். டின்னைக் கையால் திறக்கும் கருவியையும் அதே பெட்டியில் போடுங்க. மறப்பது எப்பவும் அதைத்தான்.

சுடுகரண்டி:
அடுப்பே வேண்டாதது ஒன்று. 200 கிராம் சாதா பிஸ்கட்டைப் பையில் போட்டு நைசா நொறுக்குங்க. 2 மேசைக்கரண்டி கோகோ, ஒரு சிட்டிகை உப்பு, 150 கிராம் கண்டென்ஸ்டு மில்க் சேர்த்துப் பிசைந்து 10 நிமிஷம் விடுங்க. பொடி மெதுவாத்தான் ஈரத்தை இழுக்கும். அவசரப்பட்டு இன்னும் ஊற்றினால் உருட்ட வராது. அதுக்கப்புறமும் உதிர்ந்தால் மட்டும் ஒவ்வொரு கரண்டியா சேருங்க. 20 உருண்டை வரும். பிஸ்கட்டுக்குப் பதிலா பச்சை மைதா வேண்டாம். வேகாத மாவில் சால்மொனெல்லா, ஈ.கோலை மாதிரி நோய்க்கிருமி இருக்கலாம்.

பான்கேக் கலவை: மைதா 1 கப், சர்க்கரை 1 மேசைக்கரண்டி, பால் பவுடர் 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. கலந்து பாட்டிலில் அடைத்து தேதி ஒட்டுங்க, 6 மாசத்தில் மாற்றிடுங்க. செய்யும்போது முக்கால் கப் தண்ணீர், 1 மேசைக்கரண்டி எண்ணெய். கட்டி கொஞ்சம் இருந்தால் இருக்கட்டும், அடித்துக் கலக்கினால் ரப்பராகிடும். பேக்கிங் பவுடர்மேல் சந்தேகமா? ஒரு தேக்கரண்டியை வெந்நீரில் போட்டால் உடனே பொங்கணும்.

சர்க்கரைப் பாகில் வேர்க்கடலை போட்டு இறுக்கினாலும் நல்லா இருக்கும்.

கரித்துணி:
பாகு விஷயத்தில் சுடுகரண்டியோட ஒத்துப்போக முடியலை. ‘டக்’னு உடையற பதத்துக்கு 150 டிகிரி பக்கம் வரணும். டார்ச் வெளிச்சத்தில் பொன்னிறம் எது, கருகல் எதுன்னு தெரியாது. கையில் பட்டால் ஒட்டிக்கிட்டே சுடும். அப்புறம் பாத்திரம் கழுவ வேற தண்ணீர். கரண்ட் இருக்கும்போதே செய்து காற்றுப் புகாத டப்பாவில் வைங்க. ஈரக்காற்று பட்டால் பிசுபிசுக்கும்.

என் ஓட்டு பாப்கார்னுக்கு. கேஸும் தண்ணீரும் அவ்வளவா இழுக்காது. 3 மேசைக்கரண்டி எண்ணெயில் 3 சோள மணியைப் போட்டு மூடுங்க. மூன்றும் வெடித்ததும் பாத்திரத்தை இறக்கி அரை கப் மணியைக் கொட்டி, 30 விநாடி கழித்து மறுபடி அடுப்பில் ஏற்றுங்க. எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்து சேர்ந்து வெடிக்கும். மூடியைத் துளி விலக்கி வைக்கணும், ஆவி உள்ளேயே நின்றால் சவசவன்னு ஆகிடும்.

இந்த மாதிரி தூக்கிப்போகிற சின்ன கேஸ் அடுப்போ கரி அடுப்போ, வீட்டுக்குள்ளே கொளுத்தாதீங்க. எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயுவுக்கு வாடையே கிடையாது.

நிழல்மரம்:
நன்றி. பான்கேக் கலவையும் பாப்கார்னும் முடிவு. ரொம்ப நாள் கிடந்த மணி பாதி வெடிக்காதே, அதுக்கு?

கரித்துணி:
மணிக்குள் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்கணும், அதுதான் ஆவியாகித் தோலைப் பிளக்குது. காய்ந்துபோனதை மீட்கலாம்: 3 கப் மணிக்கு 1 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, பாட்டிலை இறுக மூடி, தண்ணீர் தெரியாத வரைக்கும் குலுக்குங்க. 3, 4 நாள் கழித்துக் கொஞ்சம் பொரித்துப் பாருங்க. புயல் அறிவிப்பு வந்தப்புறம் ஆரம்பித்தால் நேரம் பத்தாது.