கானாடுகாத்தானில் பொது சார்ஜிங் நிலையம் அமைக்க அரசு உதவி எந்த வழியில் கிடைக்கும்?

கேள்வி: கானாடுகாத்தான் விடுதி

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டின் ஒரு பகுதியைச் சீர்செய்து, எட்டு அறைகள் கொண்ட விடுதியாக நடத்தி வருகிறேன். கடந்த ஓராண்டாக, அறை பதிவு செய்ய அழைப்பவர்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, மின்சாரக் காரைச் சார்ஜ் செய்ய வசதி இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். சென்னையிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வருபவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். இப்போதைக்கு முகப்பில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து நீள ஒயர் இழுத்துக் கொடுக்கிறோம். சென்ற மாதம் அந்தப் பிளக் சூடேறிக் கருகியிருப்பதைக் கண்ட பிறகு எனக்கு அச்சம் வந்துவிட்டது.

எங்கள் பகுதி வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டின் பின்வாசலை ஒட்டி நான்கு கார்கள் நிற்கும் அளவுக்குக் காலியிடம் இருக்கிறது. அங்கே முறையாகச் சார்ஜர் வைத்து, எங்கள் விருந்தினர்களுக்கு மட்டுமல்லாமல், ஊர் மக்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பயன்படும்படி செய்ய விரும்புகிறேன். மின்வாகனங்களை ஊக்குவிக்கும் மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கென்றே 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருப்பதாகப் படித்தேன். என்னைப் போன்ற ஒருவர் அதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா? இதற்கு உரிமம் பெற வேண்டுமா? வீடு ஏழு பங்காளிகளுக்குப் பொதுவானது. மின் இணைப்பு இன்னும் என் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. இது தடையாகுமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: தேவகோட்டை, ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். எளிதான கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உரிமம் தேவையில்லை. வாகனத்தின் பேட்டரிக்கு மின்னேற்றுவது ஒரு சேவையே அன்றி மின்சார விற்பனை ஆகாது என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே விளக்கம் அளித்துவிட்டது. தொழில்நுட்பத் தரத்தையும் பாதுகாப்பு விதிகளையும் கடைப்பிடிக்கும் எவரும் சார்ஜிங் நிலையம் அமைக்கலாம்.

மானியத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிஎம் இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபர் 1 அன்று 10,900 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அதன் காலம் 2028 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. நீங்கள் குறிப்பிட்ட 2,000 கோடி ரூபாய் அதன் ஒரு பகுதி. ஆனால் தனிநபர்கள் நேரடியாக விண்ணப்பித்துப் பணம் பெறும் வகையில் அது வடிவமைக்கப்படவில்லை. மாநில அரசுகளும் மத்திய அமைச்சகங்களும் நியமிக்கும் முகமைகள், எங்கெங்கே நிலையங்கள் தேவை என்று தொகுத்து முன்மொழிவு அனுப்ப வேண்டும். மானியத்தின் அளவு, இடம் யாருடையது என்பதைப் பொறுத்து மாறுகிறது. அரசு அலுவலகம், அரசு மருத்துவமனை, அரசுக் கல்வி நிறுவனம் போன்ற வளாகங்களில், பொதுமக்கள் தடையின்றி வந்து பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையோடு, மின்மாற்றி, கேபிள் முதலான மின்வழிக் கட்டமைப்புக்கும் சார்ஜருக்கும் முழுச் செலவும் கிடைக்கிறது. பேருந்து நிலையம், ரயில் நிலையம், நகராட்சி வாகன நிறுத்துமிடம், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் நிலையம் ஆகியவற்றில் மின்வழிக் கட்டமைப்புக்கு 80 விழுக்காடும் சார்ஜருக்கு 70 விழுக்காடும் தருகிறார்கள். மற்ற இடங்களுக்கு, அதாவது வணிக வளாகம், தெருவோரம் முதலியவற்றுக்கு, மின்வழிக் கட்டமைப்புக்கு மட்டும் 80 விழுக்காடு. சார்ஜரின் விலையை அமைப்பவரே ஏற்க வேண்டும். உங்கள் விடுதியைச் சேர்க்க முடிந்தால் இந்தக் கடைசி வகையில்தான் சேர்க்க முடியும். அப்போதும் தொகை முன்கூட்டியே கைக்கு வராது. பணியின் கட்டங்களை நிறைவு செய்த பிறகே தவணைகளாக வரும்.

முன்னுரிமைப் பட்டியலில் 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களும் ஸ்மார்ட் சிட்டிகளும் மாநிலத் தலைநகரங்களும் முன்வரிசையில் நிற்கின்றன. மாநில அரசின் 2023-ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கையும் சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறையும்தான் மின்வாகன நகரங்களாக அறிவித்தது. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்தபோதும் இந்த வரிசைகளில் அதற்கு இடமில்லை. நம் பகுதி உள்ளே நுழையக்கூடிய வாசல் நெடுஞ்சாலைதான். மின்துறை அமைச்சகத்தின் 2024 செப்டம்பர் வழிகாட்டுதல்கள் நெடுஞ்சாலைகளின் இருபுறமும் 20 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்கின்றன. திருமயத்திலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாக இராமநாதபுரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலைக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தால், நாம் கேட்பதற்கு அடிப்படை கிடைக்கிறது.

இதை நான் ஆதங்கத்தோடுதான் எழுதுகிறேன். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இங்கே இயங்குகிறது. பேட்டரி ஆய்வில் நாட்டுக்கே முன்னோடியான நிறுவனம் அது. அந்த ஊரைச் சுற்றியுள்ள சாலைகளில் ஒரு காரைச் சார்ஜ் செய்ய மக்கள் தவிக்கும் நிலை இருக்கக் கூடாது.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கூடுதல் சுமையோ தனி இணைப்போ எது கேட்டாலும், இடத்தின் மீதான உரிமை ஆவணமும் மற்ற பங்காளிகளின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் கேட்கப்படும். புதிய இணைப்பை நகராட்சிப் பகுதிகளில் 7 நாட்களிலும் ஊரகப் பகுதிகளில் 15 நாட்களிலும் தர வேண்டும் என்று விதி இருந்தாலும், அந்த நாட்கள் முழுமையான விண்ணப்பம் சென்ற பிறகே எண்ணப்படும்.

பதில் 2: காரைக்குடி, மின் ஒப்பந்ததாரர்

ஆச்சி, பொறியாளர் ஐயா திட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் உங்கள் வீட்டுக்கு என்ன பொருந்தும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த முகப்புப் பிளக்கை நிறுத்துங்கள். பழைய வீடுகளில் நான் பார்த்த வரையில் ஒயரை விடப் பெரிய சிக்கல் எர்த். பல இடங்களில் எர்த் குழி என்றோ போட்டதோடு சரி, உப்பும் கரியும் தண்ணீரும் கண்டு பல்லாண்டுகள் ஆகியிருக்கும். எர்த் சரியில்லாவிட்டால் பெரும்பாலான கார் சார்ஜர்கள் மின்சாரம் எடுக்கவே மறுத்துவிடும். மறுக்காமல் எடுத்தால் அது இன்னும் ஆபத்து. பின்வாசலில் புதிதாக எர்த் போட்டு, அங்கேயே தனி மீட்டர் வாங்கிக்கொண்டால், வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதிக்குள், கேபிள் இழுக்கவோ ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தோண்டவோ வேண்டியதில்லை. அந்தத் தரையை ஒருமுறை பெயர்த்தால் அதே நிறத்தில் அதே பூவேலையோடு மறுபடி சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது சார்ஜரின் அளவு. மானியம் என்றதும் எல்லோரும் 60 கிலோவாட் டிசி சார்ஜரை, அதாவது விரைவு சார்ஜரைத்தான் நினைக்கிறார்கள். உங்களிடம் வருபவர்கள் மாலை ஏழு மணிக்கு வந்து காலை ஏழு மணிக்குப் பிறகு புறப்படுபவர்கள். அந்த 12 மணி நேரத்தில் 3.3 கிலோவாட் சார்ஜரே 40 யூனிட் அளவுக்குக் கொடுத்துவிடும். நடுத்தரக் கார் ஒன்றின் பேட்டரி ஏறக்குறைய நிரம்பிவிடும். 7.4 கிலோவாட் ஏசி சார்ஜர் இரண்டும் 3.3 கிலோவாட் ஒன்றும் வைத்தால் உங்கள் எட்டு அறைகளுக்குத் தாராளமாகப் போதும். இதற்கு மின்மாற்றி தேவைப்படாது, மும்முனை இணைப்பே போதும். மாறாக, 60 கிலோவாட் சார்ஜர் வைத்து நாளுக்கு இரண்டு கார்கள் தலா 20 யூனிட் எடுப்பதாகவும், யூனிட்டுக்கு 6 ரூபாய் மிஞ்சுவதாகவும் வைத்துக்கொள்வோம். மாதம் 7,200 ரூபாய்தான் வரும். 10 லட்சம் ரூபாய் முதலீடு என்று கொண்டால், பராமரிப்புச் செலவே இல்லாவிட்டாலும், முதல் திரும்ப 11 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் இயந்திரம் பழையதாகிவிடும். பாரத் டிசி-001 என்ற 15 கிலோவாட் சார்ஜர்களுக்கு நேர்ந்ததும் அதுதான்: ஒருகாலத்தில் அரசே பரிந்துரைத்தது, கார் நிறுவனங்கள் சிசிஎஸ்-2 என்ற வேறு வகை இணைப்புக்கு மாறியதும் அவை பயனற்று நின்றுவிட்டன.

பதில் 3: காரைக்குடி, வாடகைக் கார் ஓட்டுநர்

வணக்கம். நான் இரண்டு ஆண்டுகளாக மின்சாரக் காரை வாடகைக்கு ஓட்டுகிறேன். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, வைரவன்பட்டி, இளையாத்தங்குடி என்று ஒரே நாளில் கோயில்களைச் சுற்றிக்காட்டுவதுதான் என் பெரும்பாலான சவாரி. அதற்கு வீட்டில் இரவு ஏற்றும் சார்ஜே போதும். திருச்சி விமான நிலையம் போய்த் திரும்பும் நாளில்தான் வெளியே தேட வேண்டியிருக்கிறது.

அப்படி ஒரு நாள், கைபேசிச் செயலியில் "பயன்பாட்டுக்குத் தயார்" என்று காட்டிய ஒரு நிலையத்தை நம்பி, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போய் நின்றேன். சார்ஜர் புத்தம் புதிதாக இருந்தது. அதற்கு மின் இணைப்பே வரவில்லை. அங்கிருந்தவர்களுக்கு எப்போது வரும் என்றும் தெரியவில்லை. 11 விழுக்காடு சார்ஜோடு, குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, சித்திரை வெயிலில் அந்தப் பெரியவர்களை வைத்துக்கொண்டு 35 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினேன். அன்று அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அரசு கொடுக்கும் பணம் சார்ஜரை நட்டதற்காக இல்லாமல், அது ஓடும் நாட்களுக்காகக் கொடுக்கப்படக் கூடாதா? மற்றொன்று, வீட்டில் ஏற்றினால் மின்கட்டணத்தோடு முடிந்துவிடுகிறது. வெளியே ஏற்றினால் அந்தச் சேவைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்கிறது. காருக்கு 5 விழுக்காடு வரி வைத்து வாங்கச் சொல்லிவிட்டு, சார்ஜ் ஏற்றுவதற்கு 18 என்பது எங்களைப் போன்றவர்களுக்கு நியாயமாகப் படவில்லை.

பதில் 4: தேவகோட்டை, ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்

ஓட்டுநர் தம்பி எழுதியதைப் படித்து வருந்தினேன். அவர் கேட்பது சரியான கேள்வி. முந்தைய அனுபவமும் அதையே காட்டுகிறது. பிஎம் இ-டிரைவுக்கு முன்பிருந்த மத்திய அரசின் ஃபேம்-2 மின்வாகன ஊக்கத் திட்டத்தில் 2023 மார்ச்சில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 விரைவு சார்ஜிங் நிலையங்களுக்காக 800 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்டவை, நிறுவப்பட்டவை, மின்னிணைப்புப் பெற்றவை என்ற மூன்றும் வெவ்வேறு எண்ணிக்கைகளாகவே நீண்ட காலம் இருந்தன. மக்களுக்குப் பயன்படுவது மூன்றாவது மட்டும்தான். செய்திகளில் பெரிதாக வந்ததோ முதலாவது.

ஆச்சியின் கணக்கில் சேர்க்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. 2024 வழிகாட்டுதல்களின்படி, பொது சார்ஜிங் நிலையங்களுக்குக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை, அதாவது சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரத்தில், சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டை வழங்க மின்வாரியத்துக்கு ஆகும் சராசரிச் செலவு) 0.7 மடங்கும், மற்ற நேரங்களில் 1.3 மடங்கும் கட்டணம் இருக்கலாம். மாநில ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிப்பதே இறுதியானது என்றாலும், போக்கு இதுதான். உதாரணத்துக்கு, அந்தச் செலவு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால், 30 யூனிட் பகலில் 168 ரூபாய், இரவில் 312 ரூபாய். விடுதி விருந்தினர்கள் இரவில்தான் ஏற்றுவார்கள். எனவே விருந்தினர்களுக்கான இரண்டு சிறிய சார்ஜர்களை உங்கள் விடுதி இணைப்பிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். வெளியார் பயன்பாட்டுக்கான ஒன்றுக்கு மட்டும் தனி மீட்டர் எடுங்கள். பகலில் ஊர் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு அந்தக் குறைந்த கட்டணம் பயன்படும்.

விரைவு சார்ஜர் நம் பகுதிக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை விடுதிக்காரர்கள் தலையில் ஏற்றக் கூடாது என்கிறேன். காரைக்குடிப் பேருந்து நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் வைத்தால் முறையே 70, 100 விழுக்காடு சார்ஜர் செலவை மத்திய அரசே ஏற்கும். அரசு நிலத்தை யூனிட்டுக்கு 1 ரூபாய் வருவாய்ப் பகிர்வில் கொடுக்கவும் வழிகாட்டுதல் இடமளிக்கிறது. உள்ளாட்சி கேட்டு, மாநில முகமை அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். கேட்காத ஊருக்கு இந்தத் திட்டத்தில் எதுவும் வராது.

கேள்வி கேட்டவர்: கானாடுகாத்தான் விடுதி

பொறியாளர் ஐயா, ஒப்பந்ததாரர் அண்ணன், ஓட்டுநர் தம்பி மூவருக்கும் என் நன்றி. முகப்புப் பிளக்கை நேற்றே கழற்றச் சொல்லிவிட்டேன். 60 கிலோவாட் எண்ணத்தைக் கைவிட்டு, மானியத்துக்குக் காத்திராமல், பின்வாசலில் இரண்டு 7.4 கிலோவாட்டும் ஒரு 3.3 கிலோவாட்டும் என் செலவிலேயே வைக்க முடிவு செய்திருக்கிறேன். பங்காளிகளில் ஐந்து பேர் சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். ஒருவர் கோலாலம்பூரிலும் ஒருவர் சென்னையிலும் இருக்கிறார்கள். ஆடியில் படைப்புக்கு எல்லோரும் வரும்போது நேரில் கையொப்பம் வாங்கிவிடுவேன்.

பேரூராட்சிக்கும் காரைக்குடி மாநகராட்சிக்கும் தனித்தனியே மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பேருந்து நிலையமும் மருத்துவமனையும் என்று இடங்களைக் குறிப்பிட்டே எழுதுகிறேன். இந்த மனுவில் மற்ற விடுதி நடத்துபவர்களும் வாடகைக் கார் ஓட்டுநர்களும் கையெழுத்திட்டால் வலு சேரும். ஓட்டுநர் தம்பி, உங்கள் நிறுத்தத்தில் உள்ளவர்களிடம் சொல்ல முடியுமா? வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மனுவை எடுத்துக்கொண்டு நானே அங்கு வருகிறேன்.