1981-ஆம் ஆண்டின் நினைவு பாட்டில்கள்: உள்ளிருக்கும் பானத்தை ஊற்றிவிடலாமா?

பர்மிங்ஹாம்வாசி:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் சென்ற மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டுக்குப் போனபோது, ஆறு கோகோ கோலா கண்ணாடி பாட்டில்களை என்னிடம் கொடுத்து, தூக்கி எறியாத ஒருவர் கையில் இவை இருக்க வேண்டும் என்றார். ஆறும் ஒரே வகை. பத்து அவுன்ஸ் அளவுள்ளவை. அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் பால் "பேர்" பிரையன்ட், 1981 நவம்பர் 28 அன்று இதே ஊரின் லீஜியன் ஃபீல்டு மைதானத்தில் ஆபர்ன் அணியை 28-17 என்று வென்று தமது 315-ஆவது வெற்றியைப் பெற்றுச் சாதனை படைத்ததன் நினைவாக வெளியிடப்பட்டவை.

ஆறிலும் மூடி திறக்கப்படவில்லை. ஆனால் இரண்டில் பானம் மற்றவற்றைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. அவற்றில் ஒன்றின் மூடி விளிம்பில் துரு ஏறி, கழுத்தில் பழுப்பு நிறத்தில் வழிந்த தடமும் தெரிகிறது. பானத்தை ஊற்றிவிட்டுக் கழுவி அடுக்கினால் பளிச்சென்று இருக்கும் என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. திறந்தால் மதிப்புப் போய்விடுமா? எப்படித் துடைப்பது? இவற்றைத் தொடக்கமாக வைத்துச் சேகரிக்க ஆரம்பிக்கலாமா?

அட்லாண்டா சேகரிப்பாளர்:

அம்மா, தயவுசெய்து திறக்காதீர்கள். காலி பாட்டிலும் நினைவுப் பொருள்தான்; ஆனால் மூடி திறக்காத பாட்டில், நிரப்பும் ஆலையைவிட்டு அன்று எந்தக் கோலத்தில் வெளியே வந்ததோ அதே கோலத்தில் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அக்காலத்தில் கண்ணாடி பாட்டில்கள் பலவும் கடையில் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. அவை ஆலைக்குத் திரும்பி, சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவப்பட்டு, மறுபடி நிரம்பி வெளியே போகும். அப்படிப் பல சுற்று போய் வந்த பாட்டிலில், ஒன்றோடொன்று உரசும் புடைப்பான இடங்களில் வெண்மையாகத் தேய்ந்த வளையங்கள் விழுந்துவிடும். உங்களுடையதை விளக்கருகே பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். அந்த வளையம் இல்லாவிட்டால், யாரோ ஒருவர் வாங்கிய நாளிலேயே இதைக் குடிக்கக்கூடாது என்று முடிவெடுத்து எடுத்து வைத்திருக்கிறார் என்று பொருள்.

பானம் இறங்கியிருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். கோலாவில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, அறை வெப்பத்தில் மூடியை உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைவிட அதிகம். மூடியின் உட்புறத்தில் உள்ள பிளாஸ்டிக் படலம் அதைத் தடுத்து நிறுத்தினாலும், நாற்பது ஆண்டுகளில் வாயுவும் நீராவியும் சிறிது சிறிதாக வெளியேறத்தான் செய்யும். கோடையில் சூடேறும் பரணில் வைத்திருந்தவை அதிகம் இறங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோகோ கோலா நிறுவனம் 1985 ஏப்ரலில் தன் பானத்தின் சுவையை மாற்றி, மக்கள் எதிர்த்ததால் ஜூலையிலேயே பழைய சுவையைத் திரும்பக் கொண்டுவந்தது. உங்களிடம் இருப்பது அந்தக் குழப்பத்துக்கு முன் நிரப்பப்பட்ட பானம். குடிக்க உதவாது, குடிக்கவும் கூடாது. ஆனால் அதை வாய்க்கால் குழியில் ஊற்ற என்னால் முடியாது.

கண்ணாடி நேசன்:

மேலே எழுதிய நண்பரோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன்; துரு ஏறிய அந்த ஒரு பாட்டிலைப் பொறுத்தவரை மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. மூடியின் உட்படலம் ஓரிடத்தில் விட்டுப்போனால் அமிலம் தகரத்தை உள்ளிருந்தே அரிக்கும்; கழுத்தில் நீங்கள் பார்த்த பழுப்புத் தடம் அதன் அறிகுறியாக இருக்கலாம். அந்தப் பாட்டிலை முதலில் மற்ற ஐந்திடமிருந்து பிரித்து, ஒரு கிண்ணத்துக்குள் நிமிர்த்தி வையுங்கள். ஒரு வாரத்தில் பிசுபிசுப்பு மறுபடி தோன்றினால் கசிவு தொடர்கிறது. அப்போது திறப்பதே நல்லது; இல்லையேல் சர்க்கரையும் அமிலமும் வழிந்து பக்கத்துப் பாட்டில்களின் மூடிகளையும் கெடுத்துவிடும்.

திறக்க நேர்ந்தால், மூடியின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, திறப்பானின் நுனி நாணயத்தின் மேல் படியுமாறு பிடித்து, ஒரே இழுப்பில் நெம்பாமல், பாட்டிலைத் திருப்பித் திருப்பிச் சிறிது சிறிதாகத் தூக்குங்கள். இருபத்தொரு பற்களும் சீராக விரிந்து, நடுவில் மடிப்பு விழாமல் மூடி கழன்று வரும். அந்த மூடியைக் காயவைத்துப் பாட்டிலோடு சேர்த்தே வையுங்கள்.

படத்தையும் எழுத்தையும் பற்றி ஒரு வார்த்தை. அவை ஒட்டிய காகிதம் அல்ல; கண்ணாடித் தூள் கலந்த வண்ணத்தைப் பாட்டிலின் மேல் அச்சிட்டு, உலையில் சுட்டுப் பதித்தவை. வெயிலால் எளிதில் வெளிறாது. ஆனால் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரச் சோப்பு அதன் மெருகைத் தின்றுவிடும். உரசும் பஞ்சோ கீறிவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியே போதும். மூடிக்கு ஈரம் படாமல் துடையுங்கள். குளிர்காலத்தில் கேரேஜில் வைக்கவே வேண்டாம். பானம் உறைந்தால் விரிவடைந்து பாட்டில் வெடித்துவிடும். என்னிடம் இருந்த ஓர் எழுபத்தைந்தாம் ஆண்டு விழா பாட்டிலை ஒரே இரவுக் குளிரில் அப்படித்தான் இழந்தேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அட்லாண்டா சேகரிப்பாளர்:

நாணய யோசனை மிகச் சரியானது. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

சேகரிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பணத்தை எதிர்பார்த்து இறங்காதீர்கள். பிரையன்ட் பாட்டில் ஏராளமாக வெளிவந்தது. எடுத்து வைத்தவர்களும் ஏராளம். ஆகவே இன்றும் அது சில டாலர்களுக்கே கிடைக்கிறது. இந்தப் பொழுதுபோக்கின் சுவை விலையில் இல்லை, ஊரில் இருக்கிறது. 1899-இல் டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரைச் சேர்ந்த இரண்டு வழக்கறிஞர்கள் ஒரே ஒரு டாலர் ஒப்பந்தத்தில் இந்தப் பானத்தைப் பாட்டிலில் அடைக்கும் உரிமையைப் பெற்றார்கள். அவர்கள் அதை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்ததால் ஒவ்வோர் ஊரிலும் தனித்தனி ஆலை உருவானது. ஊர்க்காரர் நடத்திய ஆலை, ஊரார் கொண்டாடிய வெற்றியைத் தன் பாட்டிலில் பதித்தது. 1974-இல் சட்டனூகா ஆலை தன் எழுபத்தைந்தாம் ஆண்டுக்கு நினைவு பாட்டில் வெளியிட்டது. ஜார்ஜியா பல்கலைக்கழக அணி ஒரு தோல்வியும் இல்லாமல் வென்ற 1980-ஆம் ஆண்டுப் பட்டத்துக்கும், கிளெம்சன் அணி 1981-இல் பெற்ற பட்டத்துக்கும் பாட்டில்கள் வந்தன. தென் மாநிலங்களில் கால்பந்து என்பது நம் ஊர்த் திருவிழாவைப் போல. தேர் ஓடிய ஆண்டை வைத்துக் காலம் சொல்வது போல, இவர்கள் பட்டம் வென்ற ஆண்டை வைத்துக் காலம் சொல்வார்கள்.

கிடைப்பதையெல்லாம் வாங்காமல் அலபாமாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. வாங்கும்போது மூடியின் பற்கள் சீராக இருக்கின்றனவா என்று பாருங்கள்; காலி பாட்டிலைப் பின்னாளில் யாரேனும் நிரப்பி மூடியிருந்தால் பற்கள் கோணலாக இருக்கும், அல்லது இரண்டாம் முறை நசுக்கிய தடம் இருக்கும்.

பர்மிங்ஹாம்வாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கிண்ணத்தில் வைத்துப் பத்து நாள் பார்த்தேன். புதிதாகப் பிசுபிசுப்பு இல்லை. எனவே அதையும் திறக்கவில்லை. ஆறு பாட்டிலின் கழுத்திலும் மெல்லிய காகித நாடா சுற்றி, இன்றைய மட்டத்தைப் பென்சிலால் குறித்துத் தேதியும் எழுதியிருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். விளக்கில் சுழற்றிப் பார்த்தபோது தேய்ந்த வளையம் எதிலும் இல்லை.

பெரியவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஆட்டம் முடிந்த பின் வந்த கிறிஸ்துமஸுக்கு அவருடைய தகப்பனார் வாங்கி வைத்தவையாம் அவை. 1983 ஜனவரியில் பிரையன்ட் இறந்தபோது அவற்றில் ஒன்றையாவது திறப்போமா என்று வீட்டில் பேச்சு வந்ததாகவும், அப்பா விடவில்லை என்றும் சொன்னார். என் கணவரும் அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் வெயில் படாத அலமாரியில் நடுத்தட்டை அவரே காலி செய்து கொடுத்துவிட்டார்.