மறு: 'துகள் சங்கிலி' வேண்டாம், 'துகள்சரம்' எனலாமா?

வணக்கம்.

ரப்பருக்குள் நிக்கல் துகள்கள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் அமைப்பைத் தமிழில் 'துகள் சங்கிலி' என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மின்கடத்தும் இந்தத் துகள்களை நாம் பொதிப்பது சிலிக்கோன் ரப்பர் படலத்தில். அந்த ரப்பரே ஒரு பல்லுறுப்பி (பாலிமர்), சிறு அலகுகள் நீளமாகத் தொடர்ந்து இணைந்த பொருள். அதன் மூலக்கூறுகளை ஏற்கெனவே சங்கிலி என்றுதான் எழுதுகிறோம். 'படலத்தை இழுத்தால் சங்கிலிகள் விலகும்' என்றால் எந்தச் சங்கிலி? ரப்பருடையதா, நிக்கலுடையதா?

இங்கே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உதிரிப்பூ கிலோ கணக்கு. அதையே நாரில் கட்டிவிட்டால் முழக் கணக்கு. நம் பொருளுக்கு இது அப்படியே பொருந்துகிறது. துகள்களை ஒழுங்கில்லாமல் கலந்தால் கேள்வி அளவைப் பற்றியது: ஒரே அளவு உருண்டைகள் என்றால், மொத்தக் கனஅளவில் ஏறத்தாழ 16 சதவீதம் வந்தால்தான் மின்னோட்டத்துக்குத் தொடர்ந்த வழி கிடைக்கும் என்று ஷெர், சாலென் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் 1970இல் காட்டினார்கள். அவ்வளவு உலோகத்தைப் போட்டால் ரப்பர் விறைத்துப்போகும். மாறாக, ரப்பர் இறுகுமுன் காந்தப்புலத்தில் வைத்தால் நிக்கல் துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். அதைவிடக் குறைந்த துகளே போதும். மின்சாரமும் பெரும்பாலும் அந்தத் திசையில்தான் பாயும்.

எனவே முதலாவது 'உதிரிக் கலவை', இரண்டாவது 'துகள்சரம்'. இரண்டு துகள் ஒட்டி நிற்கும் இடத்துக்குக் 'கண்ணி' என்று வைக்கலாம்; பூக்கட்டுபவர்கள் ஒவ்வொரு முடிச்சையும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். படலத்தை இழுக்கும்போது முதலில் விலகுவது கண்ணிதான், மின்தடை ஏறுவதும் அங்கேதான். 'கண்ணி இடைவெளி' என்றால் ஒரே சொல்லில் விளங்கிவிடும்.

'கோவை' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மணியைத் துளைத்துக் கோப்போம். இங்கே துகளை யாரும் துளைப்பதில்லை. தொடுத்தல்தான் சரியான வினை, அதற்குள் 'தொடு'வும் இருக்கிறது. பெயர்ச்சொல்லாகத் 'தொடுப்பு' மட்டும் வேண்டாம், எங்கள் பக்கம் அதற்கு வேறு பொருள். செயலைச் 'சரந்தொடுத்தல்' என்றே வைத்துக்கொள்வோம்.

சரத்துக்கு நார் வேண்டுமே, இங்கே நார் எது என்று கேட்கலாம். காந்தப்புலம்தான். ரப்பர் இறுகிய பிறகு அதை எடுத்துவிட்டாலும் சரம் அவிழாது.

அப்புறம், படலத்தின் தடிமன் வழியே நிற்பதை 'நெடுக்குச்சரம்' என்பதா 'குத்துச்சரம்' என்பதா? எனக்குக் 'குத்துச்சரம்' பிடித்திருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து