ஹம்மிங்பேர்ட் ஃபீடரில் தேனீத் தொல்லை: வழி சொல்லுங்கள்

ஹூஸ்டன் பக்கம் ஹம்மிங்பேர்ட் குருவிக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றி வைக்கும் ஃபீடர் வைத்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி. செப்டம்பரில் ரூபி த்ரோட்டட் ஹம்மிங்பேர்ட் குருவிகள் தெற்கே போகிற வழியில் இறங்கும் நேரத்தில்தான் தேனீக்களும் மொய்க்கின்றன.

தலைகீழாகத் தொங்கும் பாட்டில் ஃபீடரை அகற்றியாயிற்று. வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து பாகைத் துளை வழியே தள்ளிவிடுகிறது. அந்தச் சொட்டுக்குத்தான் தேனீ வரும். இப்போது நிழலில் தட்டு ஃபீடர். 1 கப் வெள்ளைச் சர்க்கரைக்கு 4 கப் தண்ணீர், சாயம் கிடையாது, இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்றுவது. பாதிதான் நிரப்புகிறேன், அந்த ஆழத்துக்குக் குருவி நாக்கு எட்டும், தேனீக்கு எட்டாது. மஞ்சள் பிளாஸ்டிக் பூக்களையும் கழற்றியாயிற்று. மேலே மாட்டிய தண்ணீர்க் கிண்ணத்தால் எறும்பு நின்றுவிட்டது. தேனீ மட்டும் துளையைச் சுற்றி விளிம்பு முழுக்க உட்கார்ந்திருக்கிறது, குருவி வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

தேனீக்கென்று இனிப்பு கூடிய 1:2 பாகு (1 கப் சர்க்கரைக்கு 2 கப் தண்ணீர்) தனியாக வைத்தவர்கள் உண்டா? எத்தனை அடி தள்ளி? இன்னும் கூட்டம் சேர்ந்ததா? துளைக்கு வலை மூடி போட்டால் குருவிக்குக் குடிக்கச் சிரமமா?

எண்ணெய், வாசலின் தடவச் சொல்லாதீர்கள், இறகில் ஒட்டினால் கழுவ முடியாது. பூச்சிமருந்தும் வேண்டாம்.