வள்ள இஞ்சின் மூடிக்கு ஸ்பிரே அடிக்கிறவர்களின் அனுபவங்கள்

முல்லைத்தீவிலிருந்து:

கரையோரத்தில் வள்ள இஞ்சின்களுக்கும் பைபர் பாகங்களுக்கும் ஸ்பிரே அடிப்பது என் தொழில். மூடி சொரசொரப்பாக வந்துவிட்டது என்று கொண்டுவருகிறவர்கள் முதலில் பெயின்றைக் குறை சொல்வார்கள், அடுத்ததாக ஸ்பிரே அடிக்கும் கன்னை. நான் பார்த்தவரை இங்கே வேலையைக் கெடுப்பது உப்பும் காற்றும்தான்.

போன சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், வள்ளச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டி ஐயா, வேறொரு இடத்தில் அடித்து வாங்கிய மூடியைக் கொண்டுவந்தார். மேலெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம். ஒன்றைக் கத்தி நுனியால் குத்தினேன், உள்ளே ஈரம். உப்பைக் கழுவாமலே சான்ட் பேப்பர் பிடித்து அதன்மேல் அடித்திருக்கிறார்கள். அடியில் அகப்பட்ட உப்பு, பெயின்ற் ஊடாக ஈரத்தை உள்ளே இழுக்கும். தேய்த்தால் அது போகாது, கீறல்களுக்குள் இன்னும் இறங்கும். முழுவதும் உரித்து, சவர்க்காரம் போட்டு நல்ல தண்ணீரில் கழுவினேன். கிணறு உவராக இருந்தால் அந்தத் தண்ணீரும் உதவாது. கடைசி அலசலுக்கென்று மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். பிறகு எண்ணெய்ப் பசை போகத் தின்னர்த் துணியால் ஒரு துடைப்பு, காயும் முன்பே சுத்தமான துணியால் இன்னொன்று. பசை மிஞ்சிய இடத்தில் பெயின்ற் விலகி வட்டக் குழியாக நிற்கும்.

அடிப்பூச்சை 400 ஆம் இலக்கச் சான்ட் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, 600 இல் முடிப்பேன்.

சோளகத்தில் வெயில் ஏற ஏறக் காற்று எழும்பிவிடும். தூசியைக்கூடச் சமாளிக்கலாம். கன்னிலிருந்து மூடிக்குப் போகிற வழியிலேயே தின்னர் காய்ந்துவிடுவதுதான் பெரிய கரைச்சல். துளிகள் விழுந்தாலும் ஒன்றோடொன்று சேராது, தூளாக நிற்கும். அதனால் பனி காய்ந்த பிறகு, காற்று எழும்பும் முன் அடிப்பேன். மெதுவாகக் காயும் தின்னர், மூன்று பக்கமும் தறப்பாள், நிலத்துக்குத் தண்ணீர் தெளிப்பு. கன்னை 15 முதல் 20 சென்ரிமீற்றர் தூரத்தில் நேராகப் பிடித்து, மணிக்கட்டை வளைக்காமல் முழுக் கையையும் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். முதல் பூச்சு மெல்லிசாகவே இருக்கட்டும். பளபளப்பு வரவில்லையென்று அதன்மேலேயே திரும்ப அடித்தால் கட்டாயம் வழியும்.

பூநகரியிலிருந்து:

அண்ணை சொன்னது சரி. எங்களுக்கு வாடைக்காலம்தான் தொல்லை. மழை விட்ட ஒரு பின்னேரம் அடித்த மூடி, காயும்போதே வெள்ளையாகப் பூத்தது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், அதில் காற்றின் ஈரம் படிந்துவிடும். கொம்பிரசர் தாங்கியில் சேர்ந்த தண்ணீரையும் வேலைக்கு முன் திறந்துவிடுங்கள்; காற்றோடு அது வந்து பெயின்றில் விழும். இன்னொன்று: பெயின்றை இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து அடித்த ஒரு மூடி தோடம்பழத் தோல் மாதிரி வந்துவிட்டது. முழுவதும் உரிக்க வேணுமா?

முல்லைத்தீவிலிருந்து:

வேண்டாம் தம்பி. நன்றாக இறுகும்வரை விடுங்கள். பிறகு 1500, அடுத்து 2000 சான்ட் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மினுக்கும் பசையான கொம்பவுண்ட் போட்டு மினுக்குங்கள். விளிம்புகளில் பெயின்ற் மெல்லிசு, அங்கே கையை அமத்தாதீர்கள். அடுத்த முறை கலவையைக் கொஞ்சம் இளக்கிப் பாருங்கள்; தடிப்பாக இருந்தாலும் காற்றழுத்தம் குறைந்தாலும் அப்படித்தான் வரும்.

ஹார்ட்னர் கலந்த பெயின்ற் என்றபடியால் ஒன்று கேட்கிறேன், முகத்துக்கு என்ன போடுகிறீர்கள்? அதில் இருக்கும் ஐசோசயனேற் என்ற இரசாயனத்தைத் துணி முகக்கவசம் மறிக்காது, உடம்புக்கு ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆஸ்துமா வரை கொண்டுபோகும். வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி கிடைக்கும்வரை ஹார்ட்னர் இல்லாத எனாமலை அடியுங்கள். பளபளப்பு குறையும், பரவாயில்லை.