சுவர்க்கோழி முட்டை பாதிதான் பொரிகிறது, பொரிந்த குஞ்சுகளும் நிற்பதில்லை

பசும்பல்லி

வணக்கம். பல்லிகளுக்குத் தீனியாக வீட்டுச் சுவர்க்கோழிப் பூச்சி (அக்கீட்டா டொமெஸ்டிகஸ்) வளர்க்கிறேன். 40 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, 30 பெண், 10 ஆண், நிமிர்த்தி வைத்த முட்டை அட்டைகள். முட்டையிட ஒரு டப்பாவில் 4 செ.மீ. ஈரக் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்). ஒரு வாரம் உள்ளேயே விட்டுவிட்டு, பிறகு எடுத்து மூடி ஹீட் மேட் (சூடு தரும் மின் விரிப்பு) மேல் வைத்தேன். மேலே காய்ந்தது போலத் தெரிந்தால் ஸ்பிரே அடிப்பேன். டப்பாவை எடுத்து இன்றோடு 12 நாள். நாற்பது குஞ்சு வந்திருந்தால் அதிகம். அவற்றிலும் பாதி இரண்டே நாளில் செத்துக் கிடக்கின்றன. பெண்கள் வாலில் உள்ள ஊசியை இறக்கி முட்டையிட்டதைக் கண்ணால் பார்த்தேன், எனவே முட்டை இருக்கிறது. கோளாறு எங்கே?

ஈரமண்

முதலில் முட்டையைப் பாருங்கள், பிறகு காரணம் தேடலாம். டப்பாவின் மேல் பகுதியிலிருந்து ஒரு கரண்டி, அடிப்பகுதியிலிருந்து ஒரு கரண்டி கோகோபீட் எடுத்து, வெள்ளைத் தட்டில் தனித்தனியாகப் பரப்பி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். முட்டை 2.5 முதல் 3 மி.மீ. நீளம், வெளிர் மஞ்சள், லேசாக வளைந்த அரிசி மாதிரி. பருத்து விறைப்பாக இருந்தால் உயிருள்ளது. பொரிப்பதற்குச் சில நாள் முன்பு ஒரு முனையில் இரண்டு கருப்புப் புள்ளி தெரியும், அவைதான் கண்கள். குழி விழுந்து சுருங்கியிருந்தால் காய்ந்து போயிற்று. வெள்ளைப் பஞ்சு படர்ந்தவை பெரும்பாலும் ஏற்கனவே செத்தவை. பூஞ்சை அதற்குப் பிறகு ஏறியது, அதுவே கொன்றது என்று நினைக்காதீர்கள்.

இட்ட முட்டைக்குள் பொரிக்கத் தேவையான தண்ணீர் முழுதாக இருப்பதில்லை. சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சித்தான் அது பருக்கிறது. அந்த நேரத்தில் ஈரம் அறுந்தால் கரு நின்றுவிடும், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் திரும்பாது. ஹீட் மேட் மேல் நேராக வைத்தால் முதலில் காய்வது அடிப்பக்கம். நீராவி மேலே போய் மூடியில் துளித்து நிற்பதால் பார்ப்பவருக்கு உள்ளே நல்ல ஈரம் என்றே தோன்றும். ஸ்பிரே மேல் அரை செ.மீ.யைத்தான் நனைக்கும், அதற்குக் கீழே போகாது.

நான் சொல்லும் முறை இது. கோகோபீட்டை ஊறவைத்து, கைப்பிடியில் இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு துளி மட்டும் கசியும் வரை பிழியுங்கள். தாரையாக ஒழுகினால் அதிகம், காற்றில்லாமல் முட்டை அழுகும். டப்பாவில் 4 செ.மீ. போட்டுத் தளர்வாகச் சமன் செய்யுங்கள், அழுத்த வேண்டாம். 24 முதல் 48 மணி நேரத்தில் வெளியே எடுத்துவிடுங்கள். மூடியில் நாலைந்து ஊசித் துளை போதும். மூடியதும் எடை போட்டு மூடி மேலேயே எழுதிவையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மறுபடி நிறுங்கள். எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை மில்லி தண்ணீர் போயிருக்கிறது. அதைச் சிரிஞ்சால் ஓரமாக விட்டால் அடி வரை இறங்கும். ஸ்பிரேயை ஓரம் கட்டுங்கள்.

சூடு பக்கவாட்டிலோ மேலிருந்தோ வரட்டும். தெர்மாமீட்டர் முனையைக் கோகோபீட்டுக்குள் செருகிப் பாருங்கள், அறைக் காற்றின் அளவு இங்கே உதவாது. 30 டிகிரியில் 10 முதல் 13 நாளில் பொரியும். 25 டிகிரியில் மூன்று வாரம் ஆகலாம், அது தோல்வி இல்லை. 35ஐத் தாண்டவிடாதீர்கள்.

மீசைக்காரன்

ஈரமண் சொன்னதோடு ஒன்று. ஒரு வாரம் டப்பாவைப் பெரியவற்றோடு விட்டது எனக்கு அதைவிடப் பெரிய தவறாகப் படுகிறது. சுவர்க்கோழி தன் முட்டையையே கிளறித் தின்னும், தண்ணீர் பற்றாக்குறை என்றால் இன்னும் கூடுதலாக. கோகோபீட் மேல் ஜன்னலுக்கு அடிக்கும் உலோக வலையை வெட்டிப் படியவையுங்கள். பெண்ணின் ஊசி வலைக்கண் வழியே இறங்கிவிடும், காலும் வாயும் இறங்காது. பிளாஸ்டிக் வலை வேண்டாம், கடித்து ஓட்டை போட்டுவிடும். டப்பாவை எடுத்ததும் வலையை நீக்கிவிடுங்கள்.

இனி குஞ்சு. பொரித்ததும் இரண்டு மி.மீ. தான் இருக்கும். அவை சாவது பெரும்பாலும் இரண்டு வழியில்: காய்ந்து, அல்லது மூழ்கி. ஒரே பெட்டியில் இரண்டும் நடக்கும். சுவரில் ஸ்பிரே அடித்த ஒரு துளியில் கால் பட்டால் போதும், தண்ணீர் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மீள முடியாது. ஆகவே துளியே இருக்கக்கூடாது. பஞ்சையோ மெல்லிய ஸ்பாஞ்சையோ நனைத்து, மேற்பரப்பு பளபளக்காத அளவுக்குப் பிழிந்து, சிறு மூடியில் வையுங்கள். தினமும் மாற்றுங்கள். கேரட் சீவல் கூடுதல் ஈரத்துக்கு நல்லது, மறுநாளே எடுத்துவிட வேண்டும். முதல் பத்து நாள் காற்றின் ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம் இருக்கட்டும், பெரியவற்றுக்கு 50க்கு மேல் வேண்டாம்.

காற்றுத் துளைக்கு மெல்லிய துணி ஒட்டுங்கள். ஜன்னல் வலையில் குஞ்சு சுலபமாக நுழைந்துவிடும். முட்டை டப்பாவைப் பொரிப்பதற்கு முன்பே குஞ்சுப் பெட்டிக்குள் திறந்து வைத்து, விளிம்பிலிருந்து தரை வரை சொரசொரப்பான அட்டைத் துண்டு ஒன்றைச் சாய்த்து வையுங்கள். வழுக்கும் டப்பாவில் ஏற வழியில்லாமல் உள்ளேயே பட்டினி கிடந்தும் சாகும்.

தீனி கோழிக்குஞ்சுத் தீவனம், மருந்து கலக்காதது, மாவாக அரைத்து ஒரு சிட்டிகை. குவித்துப் போட்டால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். காய்கறியைத் தோல் சீவிக் கொடுங்கள், பூச்சிமருந்தின் மிச்சமே குஞ்சுகளை ஒரே இரவில் முடித்துவிடும். அந்த அறையில் கொசுவிரட்டி வைப்பதும் அப்படித்தான்.

பசும்பல்லி

நன்றி. தட்டில் பரப்பிப் பார்த்தேன். மேல் கரண்டியில் பருத்த முட்டை நிறைய, பலவற்றில் கருப்புப் புள்ளி தெரிகிறது. அடிக் கரண்டியில் பெரும்பாலும் பழுப்பாகச் சுருங்கியவை. கோகோபீட்டின் மேற்பரப்பு ஏடு கட்டியது போல இறுகியிருக்கிறது. பொரித்த இடத்தில் வெள்ளை நூல் துணுக்குகள் கிடக்கின்றன, இது பூஞ்சையா? மீதியைக் காப்பாற்ற முடியுமா?

ஈரமண்

அது பூஞ்சை இல்லை. முட்டையிலிருந்து வருவது முதலில் வெள்ளைப் புழு போல இருக்கும், கால்கள் உடம்போடு ஒட்டியிருக்கும். நெளிந்து நெளிந்து மேலே வந்து, அங்கே ஒரு மெல்லிய தோலை உரித்த பிறகுதான் கால் விரிக்கும். நீங்கள் பார்த்தது அந்தத் தோல். அதனால்தான் மேல் ஏடு ஆபத்து: நெளிந்து வருவது அதைத் துளைக்க முடியாமல் அடியிலேயே நின்றுவிடும்.

இன்றே டப்பாவை ஹீட் மேட்டிலிருந்து இறக்குங்கள். பல்குத்தும் குச்சியால் மேல் ஏட்டை மட்டும், மூன்று மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல், மெல்லக் கிளறித் தளர்த்துங்கள். ஓரங்களில் சிரிஞ்சால் ஐந்தைந்து மில்லியாக விட்டு, அடிப்பக்கம் ஈரம் நிறம் மாறித் தெரியும்வரை பொறுங்கள். தட்டில் பார்த்த நல்ல முட்டைகளையும் வீசாதீர்கள், ஒரு செ.மீ. ஆழத்தில் திரும்பப் புதைக்கலாம். சுருங்கியவை போனவைதான். ஒரு வாரமாக இட்ட முட்டை என்பதால் பொரிப்பதும் ஏறக்குறைய ஒரு வாரம் நீளும்.

தவளைத்தோட்டம்

பெரியவை எப்படி இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லையே. இறக்கை முளைத்து ஏழெட்டு நாள் ஆகாத பெண்ணிடம் முட்டை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு மாதம் தாண்டியதிடம் எண்ணிக்கை விழும். பெட்டியைத் திறந்ததும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் கழிவைக் கொட்டி, காற்றுத் துளையைப் பெரிதாக்குங்கள். மல்லாந்து கிடந்து கால் உதைத்துக்கொண்டு கூட்டமாகச் சாகின்றன என்றால் அது வேறு விஷயம், டென்சோவைரஸாக இருக்கலாம். ஐரோப்பாவில் 1977 முதலே அறியப்பட்ட வைரஸ் அது, வட அமெரிக்காவில் 2009, 2010இல் பெரிய பண்ணைகளையே காலி செய்தது. தாக்குவது குறிப்பாக இந்த அக்கீட்டா இனத்தைத்தான். அப்படியானால் இந்த முட்டையைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அட்டைகளை எரித்து, பெட்டியைப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துக் கழுவி, கோடு போட்ட கிரில்லோட்ஸ் சிகிலேட்டஸ் என்ற வேறு சுவர்க்கோழி இனத்தில் புதிதாகத் தொடங்குங்கள். அது வழுக்குச் சுவரிலும் சற்று ஏறும், மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

மீசைக்காரன்

கடைசியாக ஒன்று: வாரம் ஒரு டப்பா எடுத்து, மூடியில் தேதி எழுதி, அந்தந்த வாரக் குஞ்சுகளைத் தனிப் பெட்டியில் வளருங்கள். வயது கலந்தால் பெரியது சிறியதைத் தின்னும். புதிதாகத் தோல் உரித்து வெள்ளையாக, மெத்தென்று நிற்பதை அதன் அளவே உள்ளதும் விடாது. 30 டிகிரியில் ஆறு முதல் எட்டு வாரத்தில் இறக்கை முளைத்துவிடும், எனவே எட்டுப் பெட்டி இருந்தால் சுழற்சி அறுந்து போகாது.