பூவில் மேயும் நெடுங்கொம்பு வண்டுக்குப் பெயர்: அவசரம்

லண்டனிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப் பாடசாலையின் கோடைக் கையேட்டில் இங்குள்ள வேலியோரப் பூச்சிகளுக்கு ஒரு பக்கம். அடுத்த கிழமை அச்சுக்குப் போகிறது. ருட்பெலா மாக்குலாட்டா என்ற நீண்ட உணர்கொம்பு வண்டில் சிக்கி நிற்கிறேன். ஜூன், ஜூலையில் ஹாக்வீட் செடியின் வெள்ளைக் குடைப்பூவில் (அதுவும் கொத்தமல்லிக் குடும்பம்தான்) தலையைப் புதைத்து மகரந்தம் தின்றுகொண்டிருக்கும். மஞ்சள் முதுகில் கறுப்புப் பட்டைகளும் புள்ளிகளும். உணர்கொம்பிலும் அதே இரு நிறம் மாறி மாறி வரும். பிள்ளைகள் குளவி என்று ஒதுங்குவார்கள், ஆனால் கொட்டாது. இதற்கு மட்டுமல்ல, இது அடங்கும் லெப்டூரினே துணைக்குடும்பம் முழுவதற்கும் பெயர் வேண்டும். இப்போதைக்கு 'நெடுங்கொம்பு வண்டு' என்று போட்டிருக்கிறேன்.

மதுரையிலிருந்து:
கொம்பு வேண்டாம் அக்கா. கொம்பு என்றால் தென்னையில் வரும் காண்டாமிருக வண்டுதான் நினைவுக்கு வரும். இந்தக் குடும்பத்துப் பூச்சிகளை விவசாயிகள் 'தண்டு துளைப்பான்' என்பார்கள்; மாமரத்தைக் குடைவது இதன் பங்காளி. அந்தப் பெயரும் இங்கே சரிவராது. ருட்பெலாவின் புழு பட்டுப்போன கட்டையில் இரண்டு மூன்று ஆண்டு கிடந்து வளர்வது, பச்சை மரத்தை ஒன்றும் செய்யாது. 'துளைப்பான்' என்று அச்சடித்தால் அடுத்த நாளே யாராவது மருந்து வாங்கப் போவார்கள்.

தஞ்சையிலிருந்து:
முதலில் 'மகரந்தம்' எதற்கு? தாது என்ற நல்ல சொல் இருக்கிறதே. 'தாதுண்ணி' எனலாம். இன்னும் அழகாக வேண்டுமென்றால் குறுந்தொகை இரண்டாம் பாட்டு: கொங்குதேர் வாழ்க்கை, அதாவது பூந்தாதைத் தேடும் வாழ்க்கை. 'கொங்குதேர் வண்டு'! இறையனாரே வைத்துவிட்டுப் போன பெயர்.

ஈரோட்டிலிருந்து:
ஐயா, கொங்குதேர் என்றால் எங்கள் ஊரில் தேர்த் திருவிழாவுக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்பார்கள். உண்ணி நாயின் காதில் இருப்பது. தாது இப்போது மணலில் இருப்பது. பத்து வயதுப் பிள்ளைக்கு அகராதியையும் சேர்த்துக் கொடுக்கமுடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
லெப்டூரினே அடங்கும் பெரிய குடும்பம் செராம்பிசிடே; அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கிரேக்கக் கதை உண்டு. செராம்போஸ் என்ற இடையன் தேவதைகளைப் பழித்துப் பேசி, மரம் தின்னும் வண்டாகிவிட்டான். அந்த வண்டின் தலையை வெட்டிச் சிறுவர்கள் விளையாடுவார்களாம், இரண்டு கொம்போடு பார்க்க யாழ் மாதிரி இருக்குமாம். ஆகவே 'யாழ்த்தலை வண்டு'. ஊர்ப்பற்று என்று சொல்லவேண்டாம்!

மதுரையிலிருந்து:
கரப்பானுக்கு இருப்பதை வீட்டில் என்ன சொல்கிறோம்? மீசை. குடும்பம் 'மீசைவண்டு', பூவுக்கு வரும் துணைக்குடும்பம் 'பூமீசை வண்டு'. முடிந்தது.

தஞ்சையிலிருந்து:
முடியவில்லை. பூமீசை என்றால் பூப்போன்ற மீசை, உவமைத்தொகை. மேலும் மீசை தமிழ்தானா? 'மிசை'யிலிருந்து வந்தது என்பது என் கட்சி. கன்னடத்தில் மீசெ, தெலுங்கில் மீசம் இருப்பதும் அதற்கு வலு. வடமொழியிலிருந்து வந்தது என்போரும் உண்டு, அவர்களோடு பிறகு பேசிக்கொள்கிறேன். லெப்டூரினேக்கு மூலம், உயிரியலாளர் லின்னேயஸ் 1758-இல் வைத்த லெப்டுரா என்ற பெயர்; அதைப் பிரித்தால் 'மெலிந்த வால்'. ஏன் 'மெலிவால் வண்டு' கூடாது?

ஈரோட்டிலிருந்து:
வாலே இல்லை ஐயா. முன்சிறகு பின்பக்கம் போகப்போக ஒடுங்குகிறது, அவ்வளவுதான். பூவை மட்டும் தனியாக எழுதிவிட்டால் உவமைச் சண்டையும் தீர்ந்தது: 'பூ மீசைவண்டு'.

லண்டனிலிருந்து:
பெரும்பாலானோர் மீசைக்குச் சரி என்கிறார்கள், மற்றவர்கள் களைத்துப்போய்ப் பேசாமல் இருக்கிறார்கள். 'பூ மீசைவண்டு' என்றே போடுகிறேன். நன்றி.

தஞ்சையிலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ரேஜியம் இன்க்விசிட்டர் என்ற வண்டும் லெப்டூரினேதான். குளிர்காலத்தைப் பைன் பட்டைக்கு அடியில் கழிக்கும். அதன் மீசை குட்டை, பூப்பக்கமும் அதிகம் போகாது. அதையும் பூ மீசைவண்டு என்பீர்களா?

லண்டனிலிருந்து:
ஐயா, கையேட்டில் அது இல்லை.